நரம்பைக் குளிர வைத்தால் வலி போகுமா?

ஏனாத்தூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே தறி. நாற்பது வருஷமாக அதில் உட்கார்ந்து பட்டு நெய்தவர் என் மாமியார். இரண்டு வருஷமாக அவருக்கு வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ராத்திரியானால் எரியும்; மரத்துப் போகும். தூக்கம் கலைந்து, கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தறியில் பாதிப் புடவை நின்றது. அதற்கு வாங்கிய முன்பணமோ எப்போதோ செலவாகிவிட்டது.

"ஏம்மா, நரம்பைக் குளிர வெச்சா வலி போயிடுதாமே? எனக்கும் அப்படிச் செய்யச் சொல்லேன். இந்தப் புடவையை முடிச்சுடுவேன்" என்றார் ஒருநாள். டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

விஷயம் பொய்யில்லை. வலி என்ற செய்தி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. நரம்பு குளிர்ந்தால் அதன் வேகம் குறையும். மேலும் குளிர்ந்தால் நின்றே போகும். 1807-ல் உறைபனியில் நடந்த போரின்போதே, குளிரில் விறைத்த வீரர்களுக்குக் கால் கை எடுக்கும்போது வலி குறைவாக இருந்ததை நெப்போலியனின் படை வைத்தியர் லாரே கவனித்தார். இன்று முழங்கால் வலி போன்றவற்றுக்கு, ஊசி போன்ற கருவியால் உணர்ச்சி நரம்பை உறைய வைக்கிறார்கள். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மறுபடி வளர்வதால், சில மாதங்களில் வலி திரும்பி வரலாம்.

2022-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், காகிதம் போல் மெல்லிய பட்டையை நரம்பில் சுற்றி, அதற்குள் ஒரு திரவத்தை ஆவியாக்கிக் குளிர்வித்தார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான்! வேலை முடிந்ததும் பட்டை உடம்பிலேயே கரைந்துவிடும். ஆனால் சோதித்துப் பார்த்தது எலிகளிடம்.

"உங்களுக்கு இது சரிவராதும்மா" என்றார் டாக்டர். "மணிக்கட்டில நரம்பு நசுங்குது. கட்டைவிரலை அசைக்கிறதும் அதே நரம்புதான். அதை உறைய வெச்சா வலியோட விரலும் ஓய்ஞ்சுடும். நசுங்கறதைத்தான் நிறுத்தணும்."

ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை கட்டச் சொன்னார். தறிக்கு ஓய்வு, அதிலும் கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார். "அப்ப தறி?" என்று மட்டும் கேட்டார் மாமியார். மீதிப் புடவையை என் கணவர் நெய்தார். கோர்வை சரியாக விழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தது அத்தைதான். இரண்டு மாதத்தில் எரிச்சல் முழுக்கப் போகவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

சகோதரிகளே, சுளுக்கு, வீக்கம் என்று ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் போதும். சர்க்கரை வியாதியால் மரத்துப்போன காலில் வைக்கவே வேண்டாம். குளிரால் தோல் புண்ணானாலும் தெரியாது. விரல் அடிக்கடி மரத்து, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறதென்றால், வேலை முடியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.