நடுக்களத்தில் நிற்பவன்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் பாம்பனில் விசைப்படகுகள் 61 நாள் கரையோரம் கிடக்கும். நாங்கள் மணலில் பந்தாடுவோம். எல்லாரும் கோலடிக்க ஓடுவார்கள். எனக்குப் பிடித்தவன் நடுக்களத்தில் நின்று, நிமிர்ந்து பார்த்து, பந்தைப் பிரித்துக் கொடுப்பவன். அமெரிக்கர்கள் அவர்கள் ஊர்க் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று கொண்டாடுவதும் இப்படியொரு மூளையைத்தான்.

2018 மார்ச்சில் பெங்களூரில் சென்னையின் எஃப்சி 3-2 என்று ஐஎஸ்எல் கால்பந்துக் கோப்பையை வென்றது. மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோலையே எல்லாரும் பேசினார்கள். நான் பேசியது அந்த அணியின் நடுக்கள வீரர், வியாசர்பாடி தனபால் கணேஷைப் பற்றி. நம்ம பையன் அங்கே நின்றான் என்பதே எனக்குப் போதும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தபோது மனசு நிறைந்தது. கடலுக்குப் போய்வந்த பங்குக் காசை ஒரே ராத்திரியில் தொலைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த எங்கள் தெருத் தம்பியை நான் பார்த்திருக்கிறேன். கோல் விழுந்ததும் துள்ளாமல், கட்டிய பணம் என்னாச்சென்று போனைப் பார்ப்பதெல்லாம் ரசிப்பா?

வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும் ஐஎஸ்எல், ஒப்பந்தச் சிக்கலால் 2025-ல் தொடங்கவே இல்லை. வலித்தது. ஆனாலும் எங்கள் ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு புல்தரையும் நல்ல பயிற்சியாளரும் கிடைக்கட்டும். மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவை.