மலைநகரில் குறிபார்த்தோர்

கொழும்பிலிருந்து புகைவண்டியில் கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவையை நெருங்கியதும் ஜன்னலோரம் ஒதுங்குவது வழக்கம். ஒருபுறம் செங்குத்துப் பாறை. மறுபுறம் தலைசுற்றவைக்கும் பள்ளத்தாக்கு. 1867ஆம் ஆண்டில் இருப்புப்பாதை கண்டியை அடைந்தது. அதே ஆண்டில்தான் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கோப்பியையும் தேயிலையையும் நம்பி இம்மலைகளுக்கு வந்தோர் இருவகையினர். கப்பலேறி வந்த வெள்ளைத் துரைமார் ஒருவகை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த நம் தமிழ்த் தொழிலாளர் மற்றொரு வகை.

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையை வணங்கி, வாவியைச் சுற்றி, கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தரிசித்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் உலாவித் திரும்புவர். நாமும் அவற்றையெல்லாம் கண்டோம். ஆயினும் இம்முறை நமது நாட்டம் வேறொன்றில் இருந்தது. துவக்கெடுத்துக் குறிபார்த்துச் சுடும் போட்டிக் கலைக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்பினோம்.

துவக்கு என்னும் சொல்லே இங்கு சுவையானது. சிங்களவர் 'துவக்குவ' என்பர். நாம் 'துவக்கு' என்கிறோம். துருக்கி, பாரசீக வழியில் வந்ததெனக் கருதப்படும் இச்சொல் இரு மொழிகளுக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. கண்டி இராச்சியத்துக் கம்மாளர் துவக்குச் செய்வதில் கைதேர்ந்தவர்கள். மதுரையோடு உறவுகொண்ட நாயக்க மரபினர் 1739 முதல் கண்டி அரியணையில் வீற்றிருந்தனர். அம்மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆண்ட காலத்தில், 1765இல், ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டனர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கியொன்றும் அலங்காரத் துவக்குகள் இரண்டும் அன்று கடல் கடந்தன. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நிய நாட்டில் இருந்த அவை 2023இல் இலங்கைக்குத் திரும்பி வந்தன. கம்மாளரின் பெயர்கள் மறைந்தாலும் அவர்தம் கைவண்ணம் மறையவில்லை.

போட்டியாகக் குறிசுடும் வழக்கத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தனர். 1860ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனுக்கு அருகே விம்பிள்டன் வெளியில் விக்டோரியா மகாராணியார் முதல் வெடியைத் தீர்த்து அந்நாட்டு றைபிள் சங்கத்தின் போட்டிகளைத் தொடக்கிவைத்தார். 1890 முதல் அவை பிஸ்லி என்னுமிடத்தில் நடைபெற்று வருகின்றன. அங்கு நாடுகளின் அணிகள் மோதும் கிண்ணங்களுள் ஒன்று 'கோலாப்பூர்க் கிண்ணம்'. 1871 முதல் நடைபெறும் அப்போட்டிக்குக் கிண்ணம் வழங்கியவர் நமது பாரதத்துக் கோலாப்பூர் அரசர் என்பது பலர் அறியாத செய்தி.

கண்டியில் இக்கலையை வளர்த்தோர் தோட்டத் துரைமாரே. தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் நடந்த 1900ஆம் ஆண்டில் 'இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை' அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் கண்டி. அதன் பிரிவுகள் மலைநாடெங்கும் பரந்திருந்தன. இது தொழில்முறைப் படையன்று, தொண்டர் படை. வாரமெல்லாம் மலைச்சரிவில் தனித்திருக்கும் துரைக்கு அண்டை வீடென்பது பல மைல்களுக்கு அப்பால். ஆகவே பயிற்சி நாள் அவர்களுக்குக் கடமை நாளாக மட்டுமன்றி நட்பு நாளாகவும் அமைந்ததில் வியப்பில்லை.

குறிசுடும் களத்தின் அமைப்பே நட்பை வளர்க்கவல்லது. எல்லோரும் ஒரே வேளையில் சுட இயலாது. சிலர் சுடும்போது வேறு சிலர் அறுநூறு யார் தொலைவில், இலக்குப் பலகைகளின் அடியிலுள்ள குழியில் இருந்தாக வேண்டும். தலைக்கு மேலே குண்டு பறக்கும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் பலகையைக் கீழிறக்கித் துளையைக் கண்டு, அடையாளம் பொருத்தி, மீண்டும் உயர்த்துவர். நடுவட்டத்துக்கு ஐந்து புள்ளி. அதையடுத்த 'இன்னர்' வட்டத்துக்கு நான்கு. அதற்கும் வெளியே 'மாக்பை' என்னும் பறவையின் பெயர்கொண்ட வட்டத்துக்கு மூன்று. கறுப்பும் வெள்ளையும் கலந்த தட்டால் அதைக் காட்டியமையால் அப்பெயர் வந்ததென்பர். பின்னர் முறைமாற்றிக் கொள்வர். சுட்டவர் குழிக்குச் செல்வார், குழியில் இருந்தவர் சுடுவார். மேலும் ஒருவரது புள்ளியை அவரே குறிப்பதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் போட்டியாளரே குறிப்பார். தம்மை வெல்லக்கூடியவரின் கணக்கைத் தம் கையால் நேர்மையாக எழுதுவது எவ்வளவு பெரிய பயிற்சி!

காற்றைக் கணிப்பதும் கூட்டு முயற்சியே. அறுநூறு யாரைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அதற்குள் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று குண்டை ஒரு முழத்துக்கும் மேலாக ஒதுக்கிவிடும். கண்டி போன்ற மலைப்பிரதேசத்தில் பள்ளத்தாக்குக்கு ஒரு காற்று, முகட்டுக்கு வேறொரு காற்று. ஆகவே அணிப் போட்டிகளில் ஒருவர் தொலைநோக்கியால் கொடியையும் கானலையும் கவனித்துச் சுடுவோருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். வெற்றி ஒருவருடையது போலத் தோன்றினும் அதில் பலரின் கண்கள் கலந்துள்ளன.

இத்தனை நல்ல நட்புக்கும் ஒரு வேலி இருந்தது. அதைச் சொல்லாமல் செல்வது முறையன்று. அப்படையில் ஐரோப்பியருக்கு மட்டுமே இடம். துரையின் தோட்டத்தில் காடழித்து, கொழுந்தெடுத்து, லயத்தில் உறங்கிய தமிழ்த் தொழிலாளரின் மகன் எவ்வளவு கூர்மையான கண்ணுடையவனாயினும் அவ்வரிசையில் படுத்துச் சுட இயலாது. பாரதக் கதையில் துரோணர் மரத்திலிருந்த பறவையைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று வினவியதை அறிவோம். அருச்சுனனுக்குப் பறவையன்றி வேறெதுவும் தெரியவில்லை. அதே கதையில்தான் வெளியே நிறுத்தப்பட்ட ஏகலைவனும் இருக்கிறான். மலையகத்தின் ஏகலைவர்கள் எத்தனை பேரோ!

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் இப்படையிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். சுயஸ் கால்வாயைக் காத்த பின் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரோடு சேர்க்கப்பட்டுக் கலிப்போலி முனைக்குச் சென்றனர். கண்டியில் ஒன்றாகக் குறிபார்த்த பலர் வீடு திரும்பவில்லை. நாடு சுதந்திரம் பெற்றபின், 1949இல், இப்படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோர் உரிமை பெற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

கண்டி நகர எல்லையில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. ஏறத்தாழ இருநூறு கல்லறைகள். ஆங்கிலேயர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் யாவரும் ஒரே புல்தரையில், ஒரே அளவுக் கற்களின் கீழ் துயில்கின்றனர். உயிரோடிருந்தபோது ஒரே வரிசையில் நிற்க இயலாதோரை மரணம் ஒரே வரிசையில் கிடத்தியிருப்பதைக் கண்டு நாம் சற்று நேரம் பேச்சற்று நின்றோம்.

மறுநாள் நகரை அடுத்த ஒரு பாடசாலையில் மாணவரின் காற்றுத்துவக்குப் பயிற்சியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பத்து மீற்றர் தொலைவில் உள்ளங்கையளவு இலக்கு. அதன் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றரே, ஊசிமுனை போன்றது. சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வரிசையில் நின்றனர். சுடுவோர் அணியும் தடித்த மேலங்கி விலையுயர்ந்தது, ஆளுக்கொன்று கிடையாது. ஒரு மாணவி சுட்டு முடித்ததும் தன் அங்கியைக் கழற்றி அடுத்தவளுக்கு அணிவித்து, பொத்தானையும் பூட்டிவிட்டாள். மூச்சை எங்கே நிறுத்துவது என்று மெல்லச் சொல்லியும் கொடுத்தாள். இருவரும் ஒரே பரிசுக்குப் போட்டியிடுவோர்! இத்துறையில் நம் நாட்டு மகளிர் உலகறியச் சாதித்ததும் உண்டு. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், புஷ்பமாலி ராமநாயக்க தம் தோழியுடன் இணைந்து காற்றுத்துவக்கு இரட்டையர் பிரிவில் தங்கப்பதக்கம் வென்றார்.

ஆயினும் வாசகர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். 1983ஐயும் அதன்பின் 2009 வரை நீண்ட போரையும் கண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு வெடியொலி விளையாட்டொலியாகுமா? நம் பிள்ளைகள் துவக்கைத் தொடலாமா? இது நியாயமான அச்சம். அதைப் பழித்தல் தகாது. விரும்பாத பெற்றோரை வற்புறுத்தவும் கூடாது. ஆனால் களத்தின் விதிகளை அறிவது நன்று. துவக்கின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருத்தல் வேண்டும். ஒருவர் முன்னே சென்றால் மற்றெவரும் ஆயுதத்தைத் தொடுதல் ஆகாது. ஆபத்தைக் கண்டால் 'நிறுத்து' என்று கூவும் உரிமை அங்குள்ள மிகச் சிறியவனுக்கும் உண்டு. அவன் கூவியதும் ஆசிரியர் உட்பட அனைவரும் நிறுத்தியாக வேண்டும். போர்க்களத்தில் இவ்விதி இருந்ததில்லை. சின்னஞ்சிறு குரலுக்கும் பெரியோர் கட்டுப்படும் இடத்தில் பயிலும் பிள்ளை ஆயுதத்தின் ஆற்றலோடு அதன் எல்லையையும் சேர்த்தே கற்கிறது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை கண்டிக்குச் செல்லும்போது வாவிக்கரையோடு நின்றுவிடாதீர்கள். போர்க் கல்லறைத் தோட்டத்தையும் அந்தனை மலையிலுள்ள தேயிலை நூதனசாலையையும் பாருங்கள். தோட்டப் பாடசாலையில் பயிலும் பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்களில் ஒருவர் விளையாட்டு வரிசையில் இடமின்றி வெளியே நிற்பதைக் கண்டால், உங்கள் மேலங்கியைக் கழற்றிக் கொடுங்கள்.