ஆத்ம நிக்ஷேபமும் சேவிங்ஸ் அக்கவுண்டும்

பி.காம். படித்தவர்கள் யாரும் மெர்க்கண்டைல் லா பேப்பரை மறந்திருக்க மாட்டீர்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். பிரிவு 13 சம்மதம், பிரிவு 14 சுதந்திரமான சம்மதம், பிரிவு 16 'அன்ட்யூ இன்ஃப்ளுவன்ஸ்'. அதாவது ஒருத்தர் மனசை இன்னொருத்தர் ஆட்டி வைக்கிற இடத்தில் இருந்துகொண்டு காரியம் சாதிப்பது. மன்னார்குடியில் மொட்டை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணியது இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பிரிவுக்கு உதாரணமாக ஒரு கேஸ் எல்லாப் புத்தகத்திலும் வரும். மன்னு சிங் எதிர் உமாதத் பாண்டே, 1890, அலகாபாத் ஹைகோர்ட். வயசான ஒரு சிஷ்யர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதி வைத்துவிட்டார். காரணம், மறுமையில் ஆத்மாவுக்கு நல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கை. கோர்ட் அது செல்லாது என்றது. பக்தி தப்பு என்று சொல்லவில்லை. குரு கேட்டால் சிஷ்யனால் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியுமா என்றுதான் பார்த்தது.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேஸ் ஞாபகம் வரக் காரணம் என் பொண்ணு. பத்தொன்பது வயசு. கோபர்கைரனேயிலேயே வளர்ந்தவள். போன ஆடிப்பெருக்கு அன்றைக்கு நான் தாலிக்கயிறு மாற்றிவிட்டு ரங்கமணி காலில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல நாற்பது பேர் உனக்கு மேடம் மேடம்னு நிக்கறாங்க. வீட்டுல எதுக்கும்மா இது? உனக்கே அசிங்கமா இல்லையா?" என்றாள்.

கேள்வி நியாயமானது. அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் இல்லை.

(டிஸ்கி: 'அந்தக் காலத்துப் பொம்பளைங்க எப்படி இருந்தாங்க தெரியுமா' என்று ஆரம்பிக்கிற ஆள் நான் இல்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தான் :-))

என் அப்பாயி வைணவத்தில் ஊறியவர். ராஜகோபாலசாமி கோயில் உபன்யாசம் ஒன்று விடமாட்டார். அவர் வாயில் 'நான்' என்ற வார்த்தையே வராது, 'அடியேன்'தான். குரங்குக் குட்டி, பூனைக் குட்டி கதையை அவரிடம்தான் கேட்டேன். குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி சும்மா இருக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். சரணாகதியில் நம் பிடி எவ்வளவு, அவன் பிடி எவ்வளவு என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் இருக்கும் வித்தியாசத்தை இப்படித்தான் விளக்குவார்கள். அப்பாயிக்கு அதெல்லாம் முக்கியமில்லை. "பாரத்தை எறக்கி வெச்சுடணும் ஆயி, அம்புட்டுதான்" என்பார்.

எனக்கு வேலை முழுக்கப் பாரம் ஏற்றுகிற வேலை. யாருக்கு லோன், யாருக்கு இல்லை, யார் கணக்கு வாராக்கடனாகப் போகிறது, எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து. சாயங்காலம் வாஷியில் வண்டி மாறி கோபர்கைரனே ஸ்டேஷனில் இறங்கி, தீன் டாங்கி பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது 'நான், நான்' என்று தலைக்குள் ஒன்று கொட்டிக்கொண்டே இருக்கும். பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதை இறக்கி வைப்பது சுலபம். பெருமாள் எதிர்த்துப் பேசமாட்டார், டிவி ரிமோட் கேட்கமாட்டார், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லமாட்டார். ஒரு மனுஷனிடம் இறக்கி வைக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் நிஜமான பரீட்சை என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணமாகி நாலாவது வருஷம் நான்தான் ரங்கமணியிடம் கேட்டேன். வீட்டு விஷயத்தில் கடைசி வார்த்தை உங்களுடையது, நான் அதை ஒரு விரதம் மாதிரி ஏற்றுக்கொள்கிறேன், சரியா என்று. அவர் மிரண்டுவிட்டார். "என்ன, எதாவது சாமியார் கிட்ட போனியா?" என்றார் முதலில். பத்து நாள் யோசித்துவிட்டு நாலு கண்டிஷன் போட்டார். உன் சம்பளம் உன் கணக்கில் இருக்கட்டும், அதில் நான் கை வைக்கமாட்டேன். எந்த முடிவு எடுத்தாலும் காரணம் சொல்வேன், நீ கேட்கலாம். மத்தவங்க முன்னாடி இதைக் காட்டிக்க மாட்டேன். நாலாவது, வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு உட்கார்ந்து பேசுவோம், வேணுமா வேண்டாமான்னு நீ சொல்லணும்.

பேங்க்காரி புருஷன் என்பது சரியாக இருந்தது. கேஷ் கிரெடிட் லிமிட் மாதிரி ஆனுவல் ரினியூவல்!

டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கு என்றால் காவிரிக்கரை, காதோலை கருகமணி, சித்ரான்னம், புது மஞ்சள் கயிறு. இங்கே காவிரிக்கு எங்கே போக? குடத்தில் தண்ணீர் பிடித்து மஞ்சள் போட்டுக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் வாஷி கழிமுகத்தில் கொண்டுபோய்ப் பூவை விடுவோம். புதுக் கயிறு கட்டிய கையோடு அவர் கேட்பார், "என்ன, தொடரலாமா?" நான் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளமாட்டார். அதையும் அவரேதான் சொல்லியிருந்தார்.

சரணாகதிக்கு ஆறு அங்கம் உண்டு என்பார்கள் நம் ஆசாரியர்கள். அவனுக்குப் பிடித்ததைச் செய்ய நினைப்பது, பிடிக்காததை விடுவது, காப்பான் என்று நம்புவது, நம்மால் ஆகாது என்று உணர்வது. இந்த நாலும் சுலபமாகப் புரிந்தன. ஐந்தாவது 'கோப்த்ருத்வ வரணம்'. 'நீயே என்னைக் காக்க வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்பது. சர்வ சக்தன், சர்வக்ஞன், நாம் கேட்காமலேயே அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் இவன் கேட்கட்டும் என்று காத்திருக்கிறான். ஆண்டவனே சம்மதம் கேட்டுத்தான் ஆளுகிறான் என்றால், மனுஷனுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

ஆறாவது அங்கம் 'ஆத்ம நிக்ஷேபம்'. தன்னையே ஒப்படைப்பது. நிக்ஷேபம் என்றால் நேர் அர்த்தம் டெபாசிட்தான். டெபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனுக்கு ஹிந்தியில் 'நிக்ஷேப் பீமா' என்று ஆரம்பிக்கிற பேர். ஒரு கணக்கருக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு (2020 பிப்ரவரியிலிருந்து) என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அப்பாயி சொன்ன நிக்ஷேபமும் இதுவும் ஒன்றே என்று ஒரு நாள் உறைத்தபோது சிரிப்புத் தாங்கவில்லை.

கவுண்டரில் பணம் கட்டுகிறவர் கைகட்டி நிற்பார், பேங்க் பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். சட்டப்படி தலைகீழ். 1848-இல் இங்கிலாந்தில் ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் தீர்மானமான விஷயம் இது. டெபாசிட் போட்டவர் கடன் கொடுத்தவர், பேங்க் கடன்காரன். ஒப்படைத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம், வாங்கிக்கொண்டவனுக்குத்தான் தூக்கம் போகும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கடைசி வார்த்தை கையில் வந்ததும் ரங்கமணி ஆடிப் போய்விட்டார். பொண்ணுக்கு எந்த ஸ்கூல், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் எப்போது, எதைச் சொன்னாலும் தப்பானால் அவர் தலையில். சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி நெருல் பாலாஜி கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். நான் அவரிடம் இறக்கிய பாரத்தை அவர் தூக்கிக்கொண்டு நெருல் போய்ப் பெருமாளிடம் இறக்குகிறார் :-)

2016 ஏப்ரலில் எனக்குப் பிரமோஷன் வந்தது. போஸ்டிங் விதர்பாவில், அகோலா பக்கம். பொண்ணுக்குப் பத்து வயசு. ரங்கமணி யோசித்துவிட்டு, "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு" என்றார். காரணமும் சொன்னார், எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

கடைசி வார்த்தை அவருடையது. விரதம் என்னுடையது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். "என்னங்க, ஆடி வரைக்கும் காத்திருக்க முடியாது. இந்த வருஷம் ரினியூவல் இல்லை. நான் போறேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அப்புறம் ஒரு காலையில், "அகோலாவுல வெயில் 45 டிகிரி போகுமாம். போன உடனே கூலர் வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டது, டிபன் கட்டியது எல்லாம் அவர்தான். அந்த நவம்பரில் 500, 1000 நோட்டுச் செல்லாது என்று அறிவித்து, வாசலில் தெருக்கோடி வரை க்யூ நின்றபோது, ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்பார்.

அந்த 'இல்லை'தான், அதுவரை நான் சொன்ன அத்தனை 'சரி'க்கும் மதிப்புக் கொடுத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திரும்பி வந்த வருஷம் ஆடிப்பெருக்கில் நானாகவே மறுபடி ஆரம்பித்தேன். வேலை விஷயம் மட்டும் அதில் சேராது என்று திருத்தத்தோடு.

எல்லாப் பெண்களுக்கும் அந்த 'இல்லை' வாய்க்கவில்லை. இந்த மராட்டிய மண்ணிலேயே பஹிணாபாய் இருந்தார் (1628-1700). துக்காராமைக் குருவாக வரித்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே முப்பது வயசு மனுஷருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணவரிடம் அடிபட்டதை அவரே தன் அபங்கங்களில் பாடியிருக்கிறார். கணவர் சேவையும் விட்டலன் சேவையும் ஒன்றுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பாடியதும் அவர்தான். அவர் பக்தியின் முன்னால் நான் தூசு. ஆனால் அதை விருப்பமான அடக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை யாரும் எதையும் கேட்கவே இல்லையே.

இன்றைக்கும் பார்க்கிறேன். சில வருஷம் முன்னால் தாராவியிலிருந்து ஒரு திருநெல்வேலிக்கார அம்மா, வீட்டுக்காரர் கடை லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்தார். "அவுக எங்க காட்டுதாகளோ அங்க போடுதேன் மேடம். அவுக சொன்னா எனக்குச் சாமி சொன்ன மாரி." பேனாவை வாங்கி வைத்துவிட்டு, அவர் கட்டாவிட்டால் மொத்தக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு, சட்டம் அப்படித்தான் என்று விளக்கினேன். வீட்டுக்காரருக்கு என் மேல் கோபம். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். நாலு நாள் கழித்துத் தனியாக வந்தார். "கடை நோட்டைக் காட்டச் சொன்னேன் மேடம். பாத்துட்டேன். இப்பம் போடுதேன்." சாமி சாமிதான், ஆனாலும் நோட்டைப் பார்த்த பிறகு!

இதையெல்லாம் பொண்ணிடம் சொன்னேன். ஆண்டவனிடம் போட்டது திரும்ப எடுக்க நினைக்காத டெபாசிட், மனுஷனிடம் போட்டது எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டிய சேவிங்ஸ் அக்கவுண்ட், இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் ஆபத்து என்றேன். முழுசாகக் கேட்டாள். "உனக்கு ஓகே. எனக்கு இது வேண்டாம்மா" என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. அப்புறம் கேட்டாள், "சரி, எந்த ஊர்லயாவது புருஷன் பொண்டாட்டி கால்ல விழுந்திருக்கானா?"

விட்டேனா? காரைக்கால் அம்மையார் கதையை எடுத்தேன். பெரிய புராணத்தில் சேக்கிழார் பாடியது. புனிதவதி மாம்பழம் வரவழைத்ததைப் பார்த்து மிரண்ட பரமதத்தன், கப்பலேறிப் போய், திரும்பி வந்து பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த குழந்தைக்கு இவர் பேரையே வைத்தான். தேடிக்கொண்டு போனபோது புது மனைவி, குழந்தையோடு இவர் காலில் விழுந்தான். அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அதைக் கழற்றி வைத்துப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டு கயிலைக்கு நடந்தார் அம்மையார். வாங்கியவனே வேண்டாம் என்றதும் கணக்கை முடித்துக்கொண்டார் பார் என்றேன். இன்றைக்கும் ஆனி மாசம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா அமர்க்களமாக நடக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அவன் பயந்துபோய் விழுந்தான்மா. பயந்து விழுந்தா சம்மதம் இல்லைன்னு நீதானே சொன்ன? அது கணக்குல வராது."

பிரிவு 14 படித்தவள் நான். பதில் இல்லை.