பழக்குதல்

தமிழில் ‘பழகு’ என்பது தன்வினை, ‘பழக்கு’ என்பது பிறவினை. திருந்து – திருத்து, ஆடு – ஆட்டு என்ற வரிசையில் இதையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். எடுத்துக்காட்டு கேட்டால் மாணவர்கள் காளையை ஏருக்குப் பழக்குவதைச் சொல்வார்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதைச் சொல்வார்கள். உயிரற்ற பொருளையும் பழக்கலாம் என்பதற்கு என் கைவசம் நெடுநாளாக இருந்தது தோசைக்கல் மட்டுமே. சென்ற கார்த்திகையில் இரண்டாவது எடுத்துக்காட்டும் கிடைத்தது. அது காரின் பிரேக் பேடு.

ஒன்பது வருடங்கள் ஓடிய கார். பிரேக் போடும்போதெல்லாம் முன்சக்கரங்கள் கீச்சிட ஆரம்பித்திருந்தன. மன்னார்புரத்தில், சந்திப்பின் இரைச்சல் சற்றே அடங்கிக் கேட்கும் ஒரு தெருவில், நான் வழக்கமாகச் செல்லும் சிறு பட்டறை இருக்கிறது. அங்கே பாய் சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடுகளை என் உள்ளங்கையில் வைத்தார். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருந்திருக்க வேண்டிய உராய்வுப் பகுதி, இரும்புத் தகட்டின்மேல் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தது. புதியதை மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்தார். புதிய பேடுக்கு இடம்கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போய்விடுமாம். அது கெட்டிப்படும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

சாவியைக் கொடுக்கும்போது, “சார், பேடு இன்னும் செட் ஆகலை. ஒரு முந்நூறு கிலோமீட்டர் பாத்து ஓட்டுங்க. ஏறி மிதிக்கிற மாதிரி வச்சுக்காதீங்க” என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களின் மதிப்பு எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பணிமனையில் பேடு மாற்றியபோது பில்லும் சாவியும் மட்டுமே கொடுத்தார்கள். அன்று மாலையே தலைமைத் தபால் நிலையச் சிக்னலில் முன்னே சென்ற நகரப் பேருந்து சட்டென்று நின்றது. நான் மிதித்தேன். கார் தயங்கித் தயங்கி, பேருந்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி வீடு வரும்வரை பேசவில்லை. இம்முறை வண்டியை ஓட்டப்போவது மகள். அடுத்த வாரம் புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்கிறாள். போக 50 கிலோமீட்டர், வர 50. உரிமம் வாங்கி ஓராண்டு ஆகவில்லை.

பேடு ‘செட் ஆவது’ என்றால் என்ன? காரின் வேகம் என்பது ஓர் ஆற்றல். அதை அழிக்க முடியாது, வெப்பமாக மாற்றத்தான் முடியும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 139 கிலோஜூல் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 33 பாகை செல்சியஸ் சூடேற்ற அது போதும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபிரூட் 1897இல் உராய்வுப் பொருள்களைச் செய்யத் தொடங்கிய நாள்முதல், இவ்வெப்பத்தைத் தாங்குவதுதான் இத்துறையின் தலையாய கவலை. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தொடங்கியதும் அந்த மரபின் தொடர்ச்சிதான்.

புதிய பேடும் டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. பேடைப் பிணைத்திருக்கும் பிசின் முதன்முறை மிகுதியாகச் சூடேறும்போது வாயுவை வெளிவிடுவதும் உண்டு. அந்நேரம் பிடிப்பு குறையும். படிப்படியாகச் சூடேற்றினால் பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின்மேல் சீராகப் படியும். அதன்பின் பேடு உராய்வது வெறும் இரும்போடு அல்ல, தன் படலத்தோடும்தான். அந்தப் பிடிப்புதான் வண்டியை நிறுத்துகிறது.

ஞாயிறு விடியற்காலை மகளை ஓட்டச் சொல்லி மதுரைச் சாலையில் சென்றோம். பஞ்சப்பூரில் 2025இல் திறக்கப்பட்ட பேருந்து முனையத்தைத் தாண்டியபின் போக்குவரத்து குறைந்தது. பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமான அழுத்தத்தில் 15க்குக் குறைக்க வேண்டும். முழுவதும் நிறுத்தக் கூடாது. பிறகு ஒரு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிட வேண்டும். இப்படிப் பத்து முறை. பேடு செய்தவர்களின் குறிப்பு வேறுபட்டால் அதுவே முடிவு.

“நிக்கிறதுக்குத்தானேப்பா பிரேக்கு? நிறுத்தக் கூடாதுன்னா எப்படி?” என்றாள்.

நல்ல கேள்வி. சூடாக இருக்கையில் பெடலை அழுத்தியபடி நின்றால் பேடு இருக்கும் இடத்தில் மட்டும் படலம் திட்டாகப் படிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அது அதிர்வாகக் காலுக்குத் தெரியும். ஏழாவது முறை லேசான தீய்ந்த வாடை வந்தது. எட்டாவது முறை அவளே, “அப்பா, இப்ப கொஞ்சம் கேக்குது” என்றாள்.

என் தாயார் புதிய இரும்புத் தோசைக்கல்லை இப்படித்தான் பழக்குவார். எண்ணெய் தடவி, சூடேற்றி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். அங்கும் நடப்பது வெப்பத்தில் ஒரு மெல்லிய படலம் இறுகுவதுதான். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகும். ஒட்டிக்கொண்ட முதல் தோசைகளைக் காக்கைக்கு வைக்கலாம். சாலையில் அந்த வசதி கிடையாது.

நிறுத்துவதற்கு நம் மொழியில் போதிய மரியாதை இல்லையோ என்று தோன்றுகிறது. திருவாரூர் ஆழித்தேரின் எடை சுமார் 300 டன் என்பார்கள். வடம் பிடிப்பவர்களைப் பற்றிப் பேசுகிறோம். சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை போடுபவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? தேர் திரும்புவதும் அடங்குவதும் அவர் கையில். பின்னாளில் எங்கள் திருச்சி பெல் நிறுவனத்தின் துணையோடு அத்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. ஆனால் வழக்கில் ‘முட்டுக்கட்டை’ இன்றும் வசைதான். சங்கக் கவிஞர்கள் இதில் நுட்பமானவர்கள். அகநானூற்றின் நான்காம் பாட்டில், வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான் தலைவன். விரைந்து வருபவனை மட்டுமன்றி, வழியிலுள்ள உயிர்களை எண்ணி வருபவனையும் காதலன் என்றார் குறுங்குடி மருதனார்.

குறளில் ‘நட்பாராய்தல்’ 80ஆம் அதிகாரம், ‘பழைமை’ 81ஆம் அதிகாரம். ஆராய்ந்த பிறகே பழைமை பாராட்டும் உரிமை என்று வகுப்பில் இந்த வரிசைக்கு விளக்கம் சொல்வதுண்டு. பெற்ற மகளின் விஷயத்தில் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. முதல் மூன்று நாள் காலையில் நானும் உடன் சென்று, புதுக்கோட்டையில் இறங்கிப் பேருந்தில் திரும்பினேன். “வேண்டாம்ப்பா” என்று அவள் சொல்லவில்லை. விமான நிலையத்தைத் தாண்டியதும் முன்வண்டிக்கு அவள் விட்ட இடைவெளியைப் பார்த்தபடி, என் வலதுகால் காற்றில் ஒரு பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை வீடு வந்தபோது 300 கிலோமீட்டர் கடந்திருந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “செட் ஆயிடுச்சுப்பா. லேசா தொட்டாலே போதும். நாளைக்கு நீங்க காலேஜுக்கு நேரத்தோட போங்க” என்றாள்.