வாப்பா நெய்த பாய்கள்



நம்மவர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்டுக்கொள்வது, "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்பதுதான். சிலர் அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்த வணிகர்களைத் தம் முன்னோர் என்பர். சிலர் குதிரை வணிகம் செய்தோரின் வழிவந்தோம் என்பர். இன்னும் சிலர் ஓர் இறைநேசரின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வர். ஆனால், பாட்டனார் என்ன தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்தார், தந்தையின் உள்ளங்கை எதனால் காய்த்துப் போயிருந்தது என்று கேட்டால், பலரிடம் விடை இருப்பதில்லை. வேரைத் தேடிக் கடல் கடக்கும் நாம், வீட்டுத் திண்ணையில் சிந்திய வியர்வையை மறந்துவிடலாமா? அதனால்தான் என் வாப்பாவைப் பற்றி உங்களிடம் சில சொல்ல விழைகிறேன்.

எங்கள் ஊர் நெல்லை மாவட்டத்துப் பத்தமடை. சேரன்மாதேவிக்கு அருகில், தாமிரபரணிப் பாசனத்தில் பசுமை கொண்ட ஊர். இவ்வூரின் பெயரைச் சொன்னாலே அடுத்த சொல்லாகப் 'பாய்' வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக லெப்பைக் குடும்பங்கள் பேணிவந்த தொழில் அது. நெசவில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் உம்மாவும் வாப்பும்மாவும் பாவின் முன் அமர்ந்து நெய்ய, கோரை வாங்குவது முதல் பாய் விற்பது வரையிலான மற்ற வேலைகளை வாப்பா பார்த்தார்கள்.

பச்சைக் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்த வேண்டும். மெல்லிய பட்டுப்பாய்க்கானால், அதை ஓடும் நீரில் ஏறக்குறைய ஒரு வாரம் ஊறவைத்து, மீண்டும் நூல்போல் கிழிக்க வேண்டும். சிவப்புச் சாயத்துக்குச் சப்பாங்கட்டையைக் கொதிக்க வைப்பார்கள். பாவு நூலின் நெருக்கத்தைக் கொண்டு 100, 120, 140 என்று பாயின் தரத்தை எண்ணிச் சொல்வார்கள். எண்ணம் கூடக் கூடப் பாய் துணிபோல் மடியும். வேலையோ வாரக்கணக்கில் நீளும். அதிகாலை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கும் அச்சின் ஓசையைக் கேட்டே நாங்கள் கண்விழிப்போம்.

மணமக்களின் பெயர் பொறித்த கல்யாணப் பாய்தான் எங்கள் வீட்டின் சிறப்பு. வாப்பா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர்கள் அல்லர். ஆயினும் பெயர் பொறிக்கும் வேலையை மட்டும் தாமே செய்வார்கள். பாவு நூல்களை விரலால் எண்ணி எண்ணி, சாயமிட்ட கோரையை இடையிடையே செருகி, ஓர் எழுத்தை உருவாக்க அரை நாள் எடுத்துக்கொள்வார்கள். முடிந்ததும் என்னை அழைத்து, "சரியாக இருக்கிறதா என்று வாசித்துச் சொல்லு வாப்பா" என்பார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது பள்ளிப் புத்தகத்தில் பாதி என்றால், யாரோ மணமக்களின் பெயர்களில் மீதி எனலாம்.

ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். 80 எண்ணப் பாய்களை 100 என்று சொல்லித் தந்தால், மாதந்தோறும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வாங்குபவர் யாரும் நூலை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய வாதம். வாப்பா குரலை உயர்த்தவில்லை. "எண்ணத் தெரியாதவரிடம்தான் சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி, அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் இரவு உணவு பெரும்பாலும் கஞ்சியாகவே இருந்தது.

1992ஆம் ஆண்டு நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது நெல்லைச் சீமையில் பலருக்கும் நினைவிருக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. சேமித்து வைத்திருந்த கோரையெல்லாம் நனைந்து அழுகியது. இரண்டு கல்யாணப் பாய்களுக்கு வாங்கிய முன்பணமோ நூலுக்கும் அரிசிக்கும் செலவாகிவிட்டது. மணவீட்டார் இருவரும் நிலைமை அறிந்து பணத்தைத் திருப்பிக் கேட்கவேயில்லை. எனினும் வாப்பா, பாய்க்கட்டுகளை ஏற்றி ஊரூராய்ச் சென்று விற்றுவந்த தம் சைக்கிளை விற்று, இருவீட்டுப் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதன்பின் ஓராண்டுக் காலம் பாய்க்கட்டு அவர்களின் தலையில் ஏறியது. உம்மா கண் கலங்கியபோது, "கடனோடு போவதைவிடக் கழுத்து வலிப்பது மேல்" என்றார்கள்.

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டதையும், உழைத்து உண்ணும் உணவைவிடச் சிறந்த உணவில்லை என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததையும் மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். நாயகம் அவர்கள் வெறும் பாயில் படுத்திருந்து, அதன் தடம் அவர்களின் திருமேனியில் பதிந்திருப்பதைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுத நிகழ்ச்சியையும் சொல்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் வாப்பாவின் விரல்களில் கோரை கீறிய தழும்புகள் என் கண்முன் வருகின்றன.

கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில், அரச வம்சங்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நான், "நம் குடும்பத்துக்குப் பூர்வீகம் எது?" என்று வாப்பாவிடம் கேட்டேன். பரணிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துத் தந்தார்கள். அது என் பாட்டனார் அறபுத் தமிழில் எழுதியது. யாருக்கு எத்தனை பாய், எவ்வளவு பாக்கி, எந்த மணமக்களின் பெயர் என்பதே பக்கம் பக்கமாக இருந்தது. "இதுதான் எனக்குத் தெரிந்த பூர்வீகம். கோரையை அறுக்கும்போது வேரை விட்டுத்தான் அறுப்போம். அப்போதுதான் மறுபடி தழைக்கும். நீ வேறு வேலைக்குப் போ, வேரை மட்டும் பிடுங்கிவிடாதே" என்றார்கள். நான் படித்த எந்த வரலாற்று நூலும் எனக்கு இதைவிடத் தெளிவாகப் பேசியதில்லை.

பிளாஸ்டிக் பாய்கள் மலிந்தபின் எங்கள் தெருவில் பல வீடுகளில் அச்சின் ஓசை அடங்கியது. 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாளிதழில் வாசித்துக் காட்டினேன். "பெயர் கிடைத்துவிட்டது, நெய்யப் பிள்ளைகள் கிடைக்க வேண்டுமே" என்று சொன்னார்கள். கூலி கட்டுபடியானால்தான் பிள்ளைகள் பாவின் முன் அமர்வார்கள் என்பதை நாமும் உணர வேண்டும். நம் வீட்டுத் திருமணத்துக்கு ஒரு கோரைப்பாய் வாங்குவது ஒரு குடும்பத்தின் அடுப்பெரியத் துணைசெய்யும்.

கப்றில் மூடுபலகைகளின்மேல் பாய் விரித்து மண் தள்ளுவது எங்கள் மஹல்லாவின் வழக்கம். அதற்கான பாய்க்கு வாப்பா ஒருநாளும் காசு வாங்கியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ரமலானுக்கு முன் இரண்டு பாய்களைப் பள்ளிவாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பார்வை மங்கிய பிறகும், கைத்தடவலிலேயே ஒரு நாட்டுப்பாயை நெய்து முடித்தார்கள். 2016இல் அவர்கள் வஃபாத்தானபோது பள்ளிவாசலில் இருந்தது அந்த ஒரு பாய்தான். மோதினார் அதைத்தான் எடுத்து வந்தார்.

அன்புச் சகோதர, சகோதரிகளே! என் வகுப்பில் பத்து வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையும், தன் தந்தையும் பாட்டனாரும் செய்த தொழிலைக் கேட்டு எழுதி வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தோல் பதனிட்டவர், பீடி சுற்றியவர், கப்பலில் சமைத்தவர், ஈயம் பூசியவர் என்று எத்தனையோ வாழ்க்கைகள் அந்த நோட்டுகளில் வந்து சேர்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஹயாத்துடன் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். ஹலாலாக உழைத்து நம்மை ஆளாக்கிய அனைவரின் கப்றுகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.