ஊழியை அளந்தவர்

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, மாணாக்கர்க்குக் கற்பித்தவற்றினும், அவர்கள் கேட்டு யான் விடையளியாது விட்ட வினாக்களே பெரிதும் நினைவில் நிற்கின்றன. நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, அத்தகைய வினா ஒன்றின் கடனை இங்கே தீர்க்கலாமெனத் துணிந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் 'ஊழி' என்னும் சொல்லை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். நான்கு யுகங்கள் கூடிய மகாயுகம் 43,20,000 ஆண்டுகள் என்றும், அத்தகைய ஆயிரம் கொண்ட கற்பம் 432 கோடி ஆண்டுகள் என்றும் கரும்பலகையில் எழுதினேன். இக்கால விஞ்ஞானிகள் பூமிக்குக் கூறும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். "பார்த்தீர்களா நம் முன்னோர் அறிவை!" என்று பெருமிதத்தோடு முடித்தேன். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விஞ்ஞானிகள் அதை எப்படி அளந்தார்கள்?" என்றான். எனக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்லியிருக்கலாம். "இது தமிழ்ப் பாடம், இரும்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் இருந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் ஒரு வினாவும் கேட்டானல்லன்.

அந்த மௌனம் என்னை உறுத்தியது. விஞ்ஞானம் கற்பித்த நண்பர் ஒருவரை அணுகி, அவர் காட்டிய நூல்களின் வழியே ஆதர் ஹோம்ஸ் என்னும் புவிச்சரிதவியல் அறிஞரின் வாழ்க்கையை அறியலானேன்.

ஹோம்ஸ் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபாலுள்ள கேற்ஸ்ஹெட் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் வைத்திருந்த வேதாகமத்தின் ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிடப்பட்டிருந்தது. 4000 என்று திரண்ட எண்ணாயிராமல் அந்த 4 எதற்கு என்று அச்சிறுவன் வியந்தான். அவனை 'இரும்' என்று அடக்கிய ஆசிரியர் எவரும் இலர் போலும்.

இலண்டனிற் பௌதிகம் பயிலச் சென்ற அவர் புவிச்சரிதவியலுக்கு மாறினார். யுரேனியம் என்னும் மூலகம் மாறாத வேகத்திற் சிதைந்து ஈயமாகின்றது. ஆகவே ஒரு கனிப்பொருளில் யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தால், அது தோன்றி எத்தனை காலம் என்று கணிக்கலாம். நோர்வே நாட்டுப் பாறையொன்றை இவ்வாறு ஆராய்ந்து, அதன் வயது 37 கோடி ஆண்டுகள் எனக் கண்டார். 1911இல் வெளிவந்த அக்கட்டுரையின் அட்டவணையில், பிறர் அளந்த கனிப்பொருள்களின் வயதையும் கணித்துச் சேர்த்தார். அவற்றுள் மிக முதியது 164 கோடி ஆண்டுகள் என்றிருந்தது. அதன் எதிரே எழுதியிருந்த நாட்டின் பெயர் இலங்கை.

அதனைக் கண்டபோது என் மெய் சிலிர்த்தது. அக்கனிப்பொருள் சப்ரகமுவாவிற் கிடைத்த தோரியனைற்று. இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் முதற் பணிப்பாளராயிருந்து அதனை 1904இல் உலகறியச் செய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. கலையறிஞராகவே அவரைப் போற்றும் நாம், அவர் நம் மலைகளிற் சுத்தியலோடு திரிந்தமையை மறந்துவிட்டோம்.

நிற்க. கோடிகளை எண்ணிய ஹோம்சுக்குக் கைச்செலவுக்குப் பணமில்லை. கடனைத் தீர்க்கும்பொருட்டு 1911இலேயே கனிப்பொருள் தேடி ஆபிரிக்காவின் மொசாம்பிக்குக்குச் சென்றார். அங்கே மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. இறந்துவிட்டாரெனத் தந்தியும் பறந்தது. ஆயினும் பிழைத்து மீண்டு, 1913இல், தமது 23ஆம் வயதில், 'பூமியின் வயது' என்னும் நூலை வெளியிட்டார். 1914இல் மார்கரெற் என்பவரை மணந்தார். குடும்பத்தைப் பேண ஆசிரியச் சம்பளம் போதாமையால், 1920இல் எண்ணெய்க் கம்பனி ஒன்றின் புவிச்சரிதவியலாளராய், மனைவியோடும் மைந்தனோடும் பர்மாவுக்குப் புறப்பட்டார்.

கம்பனி முறிந்தது. சம்பளம் கிடைக்கவில்லை. அதனினும் கொடியதாக, மூன்று வயது மகன் நோர்மன் வயிற்றுளைவு நோயால் அங்கேயே இறந்தான். 1922இல் வெறுங்கையோடு ஊர் திரும்பிய அவர், நியூகாசிலிற் கீழைநாட்டுக் கைவினைப் பொருள்கள் விற்கும் கடையொன்றை நடத்திப் பிழைத்தார். உலகின் வயதை அளந்தவர் கடையிலிருந்து சில்லறை எண்ணினார்! 1924இல் டேர்ஹாம் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அவ்வாண்டே இரண்டாம் மகனும் பிறந்தான். ஆசிரியர் வேறெவருமின்றித் தாமொருவராகவே அத்துறையைத் தொடக்கினார். கண்டங்களைச் சுமந்து செல்லும் நீரோட்டம் போன்ற ஓட்டங்கள் பூமியின் உள்ளே உள்ளன என்று அங்கிருந்து அவர் கூறியதை அக்காலத்தார் பெரும்பாலோர் ஏற்றிலர். 1938இல் மார்கரெற் மறைந்தார். மறு ஆண்டில், தாமும் புவிச்சரிதவியல் அறிஞராகிய டோரிஸ் றெய்னோல்ட்ஸ் அவருக்கு வாழ்க்கைத் துணையானார்.

இனி அந்த 164 கோடியைப் பற்றி ஒரு சொல். அது நிலைக்கவில்லை. தோரியமும் ஈயமாகச் சிதைவதை 1911இற் கணக்கிற் கொண்டிலர். இலங்கைத் தோரியனைற்றின் வயது ஐம்பது, அறுபது கோடி ஆண்டுகளளவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தம் எண்களைக் கட்டிக்கொண்டு அழாமல், புதிய அளவை வருந்தோறும் ஹோம்ஸ் அவற்றைத் திருத்தினார். 1946இற் பூமியின் வயது 300 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதென்றார். 1950களில் இளையவர் ஒருவர் ஏறத்தாழ 455 கோடி எனக் கண்டார். தமது பெருநூலையும் முதுமையிற் புதுக்கியெழுதி 1965இல் வெளியிட்டு, அவ்வாண்டே மறைந்தார்.

கோடிகளைத் திருத்த அவரால் முடிந்தது. மகனுக்கு வாய்த்த மூன்றாண்டை நான்காக்க முடியவில்லை. நூல்களை மூடியபின்னும் என் மனத்தில் நின்றது அந்தச் சிறிய எண்ணே. நானும் பிள்ளைகளைப் பெற்றவன். மீண்டும் சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்து மாணாக்கர்முன் நிற்க அவருக்கு எத்துணை உரம் வேண்டியிருந்திருக்கும்!

பின் வாங்கிலிருந்த தம்பி, நீர் இப்பொழுது பழைய மாணவர். எங்கிருந்தாலும் இம்மலர் உமது கையை எய்தும் என்று நம்புகின்றேன். நீர் கேட்டதற்கு விடை மேலே உள்ளது. முன்னோர் கூறிய எண்ணும் விஞ்ஞானிகள் கூறும் எண்ணும் அணித்தாயிருத்தல் கண்டு மகிழலாம். ஆனால் ஓர் எண்ணைச் சொல்லுதல் வேறு, அளந்தறிதல் வேறு. அதனை நீர் அன்றே அறிந்திருந்தீர், யான் அறிந்திலேன். திருத்தக்கூடிய பிழையைத் திருத்தாது விடலாகாது என்று ஹோம்சிடம் கற்ற பாடத்தை, காலந்தாழ்த்தியேனும் உம்மிடம் ஒப்புவிக்கின்றேன். பொறுத்தருள்க.

இன்று என் வகுப்பில் எவரேனும் எழுந்து நின்றால், "தெரியாது, தேடிச் சொல்கிறேன்" என்று கூறப் பழகியிருக்கின்றேன். வினாக்கள் மலிந்து நம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!