ஐம்பது காசு அட்டை

அஞ்சலட்டையின் விலை ஐம்பது காசு. இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் வைத்த விலை இன்றைக்கும் அதுவேதான். ஐம்பது காசு நாணயம் சட்டப்படி செல்லும் என்றாலும் பெட்டிக்கடையில் நீட்டினால் வாங்கமாட்டார்கள். விளம்பரம் அச்சிட்ட மேகதூத் அட்டையை இதிலும் பாதி விலைக்கு, 25 காசுக்கு விற்றார்கள். 2011 ஜூன் மாதத்தோடு கால் ரூபாய் நாணயம் செல்லாமல் போயிற்று. ஓர் அட்டை மட்டும் வேண்டும் என்று வருபவர் கையில் அதற்குச் சரியான காசு இருக்க வழியில்லாமல் போனது.

தபால் மலிவாக இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் பழைய உறுதிமொழி. 1854-க்கு முன்பு தூரத்துக்கேற்ற கட்டணம். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் போக ஒரு ரூபாய் ஆகும். அது அன்று கூலிக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 1854-ல் தூரக் கணக்கை எடுத்துவிட்டு, கால் தோலாக் கடிதம் எங்கே போனாலும் அரையணா என்றார்கள். 1879 ஜூலை 1-ம் தேதி அஞ்சலட்டை வந்தது, காலணாவுக்கு. இன்றைய கணக்கில் அது ஒன்றரைக் காசு. சொந்த பந்தங்களை விட்டுப் பிழைக்கப் போன ஏழைகளின் வாழ்க்கையில் இந்தக் காலணா செய்த உதவிக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் எழுதப் பழகிய எண்பதுகளில் அட்டை 15 காசு. எங்கள் ஆச்சிக்கு எழுதத் தெரியாது. அவள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைக்கு நான் எழுதுவேன். மாடு கன்று போட்டது, மழை பெய்தது, இன்னார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் கார்டில் போகும். இன்லண்டு லெட்டருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். வாங்கின கடன், மாப்பிள்ளையோடு மனஸ்தாபம், பெண்பிள்ளைகளின் உடம்புக்கு வரும் கோளாறு, இவற்றுக்குத்தான் இன்லண்டு. நாலு பேர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற சங்கதிக்கு மட்டும் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கூடுதல் காசு எடுப்பாள். எந்தத் துயரத்தை எழுதலாம், எதை நேரில் பார்க்கும்வரை மனசுக்குள் வைத்திருக்கலாம் என்பதைச் சில காசுகள் தீர்மானித்தன. தபால் கட்டணத்தை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். 1980-க்கும் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் நம் நாட்டு விலைவாசி ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்தக் காலம் முழுக்க அட்டை 15 காசிலேயே நின்றது. 2002-லிருந்து இன்றுவரை விலைவாசி மறுபடியும் ஏறக்குறைய நான்கு மடங்கு. அட்டை ஐம்பது காசு, இன்லண்டு இரண்டரை ரூபாய், 20 கிராம் கவர் ஐந்து ரூபாய், எதுவும் நகரவில்லை. 1980-ன் 15 காசு விலைவாசியோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் இன்று மூன்று ரூபாயைத் தாண்டியிருக்கும். இடையில் 15 காசு ஐம்பது காசாக ஏறிய சில வருஷங்களை விட்டுவிட்டால், நாற்பது ஆண்டுக்கு மேலாக அட்டை மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த மலிவை யாரோ சுமக்கிறார்கள். ஓர் அட்டையைக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் என்று சில ஆண்டுகளுக்கு முன் அஞ்சல் துறையே கணக்குக் காட்டியது. நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள், பெரும்பாலானவை கிராமங்களில். அங்கே வேலை பார்ப்பவர்கள் நாம் இ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்) ஊழியர் என்று சொல்லிப் பழகியவர்கள். வெயிலில் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுக்கும் அவர்களை முழு நேர அரசு ஊழியராக இன்னும் ஏற்கவில்லை. ஐம்பது காசு அட்டையின் பாரத்தில் ஒரு பங்கு அவர்கள் தோளிலும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பிரிட்டன் எதிர்த் திசையில் போனது. 2001-ல் 27 பென்ஸாக இருந்த முதல் வகுப்புத் தபால்தலை 2025-ல் 1.70 பவுண்டு. விலைவாசி அங்கே இரு மடங்கை ஒட்டி ஏற, தபால்தலை ஆறு மடங்கைத் தாண்டிவிட்டது. அங்கும் கடிதங்கள் குறைந்தன, இங்கும் குறைந்தன. ஆகவே, விலையை ஏற்றினால் கடிதம் செத்துவிடும் என்று இங்கே அஞ்சுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆச்சியின் சங்கதிகள் தொலைபேசிக்குப் போய் வெகுநாளாகிறது.

என் வருத்தம் வேறு இடத்தில். அட்டை விலையைத் தொடாத அதே துறை, இன்றும் ஆட்களுக்குத் தேவைப்படுகிற சேவைகளில் கையை வைத்தது. 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்தது. ரசீதோடு ஒரு கடிதத்தை வெளியூருக்கு அனுப்ப முன்பு 26 ரூபாய் போதும். இப்போது வரியோடு ஏறக்குறைய அறுபது ரூபாய் ஆகிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் வங்கிக்கும் பதிவுத் தபாலில் மனு எழுதுகிறவர்கள் பணக்காரர்கள் அல்ல. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், பதிவுப் புத்தகத் தபாலை நிறுத்தியிருந்தார்கள். சிறு பதிப்பகங்களும் சிற்றிதழ்களும் அதை நம்பியே வாசகரைத் தேடிப் போயின. தமிழில் எழுதுவோருக்கும் வாசிப்போருக்குமான உறவு பெரும்பாலும் தபால் வழியாக வளர்ந்தது. மூத்த எழுத்தாளர் வல்லிக்கண்ணன் முன்பின் பார்த்திராத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி உற்சாகப்படுத்தினார். அது மலிவான அட்டையும் இன்லண்டும் இருந்ததால் கூடிவந்தது. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று புதிதாக ஒன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். விலை கூடிய நாவலுக்கு இது பரவாயில்லை. அறுபது ரூபாய்க் கவிதைத் தொகுப்புக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு தபாலுக்கே போய்விடுகிறது.

அட்டையை இரண்டு ரூபாய் ஆக்கட்டும், கவரைப் பத்து ரூபாய் ஆக்கட்டும். ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அட்டை இன்றைக்கு ஒருவர் ஆசைப்பட்டு வாங்குவது; பதிவுத் தபாலோ கதியில்லாமல் வாங்குவது. சலுகை எங்கே வேண்டுமோ அங்கே கொடுக்கட்டும்: நூறு கிராம் வரையிலான புத்தகத்துக்கும் இதழுக்கும் ஐந்து ரூபாய், மனுக்களுக்குப் பழைய பதிவுக் கட்டணம், கிராமத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு முழுச் சம்பளம்.